முன்னாள் படைவீரர் சங்கம்: தலைமையும் விருதும் வைத்திய உரிமையும்

நம் கிராமங்களிலிருந்து பட்டாளத்தில் சேரும் இளைஞர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவராக இருப்பார். பதினைந்து, இருபது ஆண்டுகள் சேவை செய்துவிட்டு, நாற்பது வயதை நெருங்கும் காலத்தில் அவர் ஊர் திரும்புகிறார். அதன்பின் அவருக்கு இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அந்த ஆண்டுகளை அவர் நம்மிடையேதான் கழிக்கிறார். நிலத்தைத் திருத்திப் பயிர் செய்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராகிறார். கோயில் திருவிழாவில் ஒழுங்கை நிலைநாட்ட முன்நிற்கிறார். வேலூர் மாவட்டத்திலுள்ள கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்து ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர்பெற்ற ஊர்களும் நம் நாட்டில் உண்டு.

ஆயினும் இத்தகைய குடும்பங்களில் கடும் நோய் நேரும்பொழுது, அவர்களுக்கென்றே சர்க்கார் ஏற்படுத்தியுள்ள வைத்திய உதவியைப் பெறாமல், நிலத்தை அடமானம் வைத்துச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். உதவி இருந்தும் அவர்கள் கைக்கு அது எட்டுவதில்லை. இதற்குக் காரணம் பல சமயங்களில் மிகச் சிறியதாகவே இருக்கும். மனைவியின் பெயர் ஓர் ஏட்டில் பதிவாகாமல் விட்டுப்போயிருக்கும்; அல்லது விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்திருக்கும். இந்தக் குறையை நீக்கக்கூடியவர்கள் இருவர். ஒருவர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர். மற்றவர் பஞ்சாயத்து உறுப்பினர். இவ்விருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கம் வேறு, அலுவலகம் வேறு

முன்னாள் படைவீரர் நலனுக்காக உழைக்கும் அமைப்புகள் இருவகைப்படும். ஒன்று சர்க்கார் அமைப்பு. மற்றொன்று வீரர்கள் தாமாகக் கூடி நிறுவிக்கொண்ட சங்கம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் கிராம மக்களுக்கு வீண் அலைச்சல் உண்டாகிறது.

முதல் உலக யுத்தத்திற்குப் பின், 1919-ஆம் ஆண்டில் இந்தியப் படைவீரர் வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. காலப்போக்கில் பெயர் மாற்றங்கள் பெற்று, 1975-இல் அது கேந்திரிய சைனிக் வாரியம் என்ற பெயரை அடைந்தது. ராணுவ அமைச்சர் இதன் தலைவர். இதன் வழியில் மாநிலங்களில் ராஜ்ய சைனிக் வாரியங்களும், மாவட்டங்களில் ஜில்லா சைனிக் வாரியங்களும் இயங்குகின்றன. மாவட்ட வாரியத்திற்குக் கலெக்டர் தலைமை வகிக்கிறார். நம் மாநிலத்தில் மாவட்டத் தலைநகர்களில் உள்ள ‘முன்னாள் படைவீரர் நல அலுவலகம்’ என்ற பெயர்ப்பலகையை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அடையாள அட்டை வழங்குதல், மானிய மனுக்களைப் பெற்றுப் பரிந்துரைத்தல், படைப்பிரிவுகளின் ஆவண அலுவலகங்களுக்கு எழுதுதல் ஆகியவை இந்த அலுவலகத்தின் பணிகள். மத்திய சர்க்காரில் இதற்கெனத் தனித் துறையொன்று 2004-இல் அமைக்கப்பட்டது.

சங்கமோ வீரர்களுடைய சொந்த ஸ்தாபனம். இந்தியப் படையின் முதல் இந்தியப் பிரதம தளபதியாக 1949 ஜனவரி 15-ஆம் நாள் பொறுப்பேற்ற கரியப்பா அவர்கள், ஓய்வு பெற்ற பின் முன்னாள் வீரர்களை ஒன்றுதிரட்டுவதில் பெரிதும் ஈடுபட்டார். அவருடைய முயற்சியின் பயனாக 1964-இல் இந்திய முன்னாள் படைவீரர் லீக் உருவாயிற்று. இன்று மாவட்டங்களிலும் தாலுகாக்களிலும், சில பெரிய கிராமங்களிலும்கூடப் பல பெயர்களில் சங்கங்கள் இருக்கின்றன. நம் மாநிலத்தில் இவை பொதுவாக 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்படுகின்றன.

சங்கம் வழிகாட்டலாம், மனு எழுதித் தரலாம், உடன் சென்று பேசலாம். ஆனால் ஓய்வூதியத்தை அனுமதிக்கவோ, வைத்திய அட்டையை வழங்கவோ சங்கத்திற்கு அதிகாரம் இல்லை. ஆகவே, ‘அட்டை வாங்கித் தருகிறேன்’ என்று கூறி எவரேனும் பணம் கேட்டால் கொடுத்தல் கூடாது. வைத்தியத் திட்டத்திற்குரிய சந்தாத் தொகை சர்க்கார் கணக்கில் நேராகச் செலுத்தப்படுவதாகும். சங்கத்தின் உறுப்பினர் சந்தா வேறு, இது வேறு.

தலைமைக்கு இலக்கணம்

சங்கத்திற்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, படையில் உயர்ந்த பதவி வகித்தவரை அந்த இடத்தில் அமர்த்துவது வழக்கமாக இருக்கிறது. சுபேதார் மேஜராகவோ, காப்டனாகவோ ஓய்வு பெற்றவருக்கு மரியாதை செய்வது முறையே. எனினும் படையில் பதவி என்பது கட்டளையிடுவதற்கு உரியது. சங்கத்தில் பதவி என்பது பணி செய்வதற்கு உரியது. சிப்பாயாக ஓய்வு பெற்றவரும், ஏடுகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கமும் வீடு வீடாகச் செல்லும் பொறுமையும் உடையவராயின், சிறந்த தலைவராக விளங்க முடியும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் கணக்கு வைக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைகளை எழுதும் புத்தகமும், வரவு செலவுப் புத்தகமும், உறுப்பினர் பதிவேடும் எந்தச் சங்கத்திற்கும் இன்றியமையாதவை. உறுப்பினர் பதிவேட்டில் வீரரின் பெயரும் படை எண்ணும் மட்டும் இருந்தால் போதாது. மனைவியின் பெயர், பிறந்த தேதி, மக்களின் பெயர், ஓய்வூதிய ஆணையின் எண், வைத்திய அட்டை உண்டா இல்லையா என்பன யாவும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வீரர் காலமானவுடன் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சங்கத்தின் உதவி மிகுதியாகத் தேவைப்படுவது அன்றிலிருந்துதான். கணவர் இருந்தவரை எல்லா அலுவலகங்களுக்கும் அவரே சென்று வந்திருப்பார். காகிதங்கள் இரும்புப் பெட்டியில் எங்கே இருக்கின்றன என்பதுகூட மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே வீரரின் மனைவியைச் சங்கத்தின் முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்வதும், நிர்வாகக் குழுவில் வீரர் விதவையர் ஒருவருக்கேனும் இடமளிப்பதும் நல்ல தலைமையின் அடையாளங்களாகும்.

மார்பில் அணியும் விருதுகள்

சங்கக் கூட்டங்களில் பதக்கங்கள் அணிந்து வரும் வீரர்களைக் காணும்பொழுது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அப்பதக்கங்களின் பொருளை அறிந்துகொண்டால் அந்தப் பெருமிதம் இன்னும் தெளிவு பெறும்.

பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்திற்கு அளிக்கப்படுபவை பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் என்னும் மூன்று. இவை 1950 ஜனவரி 26-ஆம் நாள், அதாவது நம் நாடு குடியரசான அதே நாளில் நிறுவப்பட்டன. 1947 ஆகஸ்டு 15 முதற்கொண்டு நிகழ்ந்த வீரச் செயல்களுக்கும் வழங்கப்பட்டன. பரம வீர சக்கரம் பெற்றவர்கள் இதுகாறும் 21 பேரே. போர்க்களத்திற்கு அப்பால், பகைவரை நேர்நின்று எதிர்க்கும் சந்தர்ப்பம் அல்லாத இடங்களில் காட்டும் வீரத்திற்கு அசோக சக்கர விருதுகள் 1952-இல் நிறுவப்பட்டன. முதலில் இவை மூன்று வகுப்புகளாக இருந்தன. 1967 முதல் அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என்று வழங்கி வருகின்றன.

தமிழகத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ஆம் நாள் காஷ்மீரத்தின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளுடன் பொருது உயிர்நீத்தார். அவருக்குரிய அசோக சக்கரத்தை 2015 குடியரசு தினத்தன்று அவருடைய மனைவியார் பெற்றுக்கொண்டார். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடுக்கலூர் என்னும் சிற்றூரில் பிறந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூன் 15-ஆம் நாள் இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் வீரமரணம் எய்தினார். அவருக்கு 2021-இல் வீர சக்கரம் அறிவிக்கப்பட்டது. வானம் பார்த்த பூமியாகிய ஒரு மாவட்டத்திலிருந்து, பனி உறைந்த எல்லைக்குச் சென்று நின்றவர் அவர். இத்தகையவர்களுடைய பெயர்களை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

வீர விருது பெற்றவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 2017 ஆகஸ்டு முதல் உயர்த்தப்பட்ட விகிதத்தின்படி பரம வீர சக்கரத்திற்கு மாதம் 20,000 ரூபாயும், வீர சக்கரத்திற்கு 7,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. விருது பெற்றவர் காலமான பின் இத்தொகை அவருடைய மனைவிக்குச் செல்லும். இதை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது சங்கத்தின் கடமை.

இவற்றைத் தவிர, நீண்டகாலச் சேவைக்கும், குறிப்பிட்ட யுத்தங்களிலும் பகுதிகளிலும் பணியாற்றியதற்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு, முப்பது ஆண்டு சேவைப் பதக்கங்களும், 1971-ஆம் ஆண்டு யுத்த காலத்திற்குரிய சங்கிராம் பதக்கமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிற்கு வீர விருதுகளைப் போன்ற மாத உதவித்தொகை இல்லை. எனினும், ‘நான் அங்கே இருந்தேன்’ என்று ஒரு விவசாயி தன் பேரனிடம் சொல்வதற்கு இவை சான்றாக நிற்கின்றன. அந்த வகையில் அவற்றின் மதிப்பு குறைவானதன்று.

நிற்க. ஒரு சங்கத்தில் நூறு உறுப்பினர்கள் இருந்தால் அவர்களில் வீர சக்கரம் பெற்றவர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். ஆனால் நூறு பேருக்கும் முதுமை வரும். முழங்கால் வலியும், நீரிழிவும், இருதய நோயும் வரும். விருது சிலருக்கு உரியது; வைத்திய உதவியோ ஓய்வூதியம் பெறும் யாவருக்கும் உரியது. சால்வை போர்த்தும் விழாவுக்குச் சங்கங்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் ஒரு பகுதியை வைத்திய அட்டைக்குச் செலவிட்டாலும் பல குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும்.

வைத்திய உரிமை யாருக்கு உண்டு?

முன்பெல்லாம் ஓய்வு பெற்ற வீரர்கள் சிகிச்சைக்கு ராணுவ மருத்துவமனைகளையே நாட வேண்டியிருந்தது. அவை சில நகரங்களில் மட்டுமே இருந்தபடியால் கிராமவாசிகளுக்குப் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தன. இக்குறையைப் போக்கவே ‘முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம்’ 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. இ.சி.எச்.எஸ். என்று மக்கள் சுருக்கமாகக் கூறுவது இதையே.

இத்திட்டத்தில் சேர இரண்டு தகுதிகள் முக்கியமானவை. முதலாவது, அவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, அவர் ஓய்வூதியமோ, உடல் ஊன ஓய்வூதியமோ பெற்றுவர வேண்டும். அவர் காலமாகியிருந்தால் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவி இத்திட்டத்தில் சேரலாம். சிப்பாய், ஹவில்தார் முதலிய பதவிகளில் உள்ளவர்களுக்குப் பொதுவாக 15 ஆண்டு சேவை நிறைவுற்றால் ஓய்வூதியம் கிடைக்கும். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்ட விதிகளின்படி, நான்கு ஆண்டு சேவையுடன் வெளிவரும் இளைஞர்களுக்கு ஓய்வூதியமும் இந்த வைத்தியத் திட்டமும் இல்லை. அவர்களுடைய பெற்றோர் இதனைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

சந்தா ஒருமுறை மட்டுமே செலுத்தத்தக்கது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் உரிமை உண்டு. 2017 டிசம்பர் இறுதியில் வகுக்கப்பட்ட விகிதப்படி ஹவில்தார் வரையிலான பதவியினருக்கு 30,000 ரூபாயும், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாயும், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாயும் சந்தாவாகும். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவையருக்கும் சந்தா இல்லை. இதனை முதியவர்கள் பலர் அறியார். ‘அவ்வளவு பணத்திற்கு எங்கே போவது?’ என்று அஞ்சி அவர்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

வீரருடன் அவருடைய மனைவியும் உரிமை பெறுகிறார். மகன் வேலைக்குச் செல்லும் வரையிலோ, மணமாகும் வரையிலோ, 25 வயது நிறையும் வரையிலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உரிமை பெறுவார். மகளுக்கு வயது வரம்பு இல்லை. வேலை பெறும் வரை அல்லது மணமாகும் வரை உரிமை நீடிக்கும். நிரந்தர உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறைபாடோ உடைய மகனுக்கு 25 வயதுக்குப் பின்னரும் விதிகளின்படி உரிமை உண்டு. வீரரைச் சார்ந்து வாழும் தாய் தந்தையரும், அவர்களுடைய வருமானம் நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்கு உட்பட்டிருந்தால், அட்டை பெறலாம்.

அட்டையைப் பயன்படுத்தும் முறை

நாடெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இத்திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. நம் மாநிலத்தில் சென்னை, வேலூர், திருச்சி, கோவை, மதுரை முதலிய இடங்களில் இவை உள்ளன. நோயாளி முதலில் பாலிகிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். அங்கே மருத்துவர் பரிசோதித்து மருந்து கொடுப்பார். மேல்சிகிச்சை தேவையாயின், திட்டத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி அனுப்புவார். அக்கடிதத்துடன் சென்றால் அங்கே நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மருத்துவமனை திட்டத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும். படுக்கை வசதியின் வகை, வீரர் வகித்த பதவியைப் பொறுத்து அமையும்.

நெஞ்சு வலி, விபத்து, பாம்புக்கடி போன்ற அவசர காலங்களில் கடிதத்திற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒப்பந்த மருத்துவமனைக்கு நேரே செல்லலாம். அட்டையைக் காட்டினால் அவர்களே திட்ட அலுவலர்களுக்குத் தெரிவிப்பார்கள். அருகில் ஒப்பந்த மருத்துவமனை இல்லாவிடில் எந்த மருத்துவமனையிலும் சேரலாம். ஆனால் சேர்ந்த 48 மணி நேரத்திற்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் கொடுத்துவிடுதல் மிக முக்கியம். முதலில் செலவைத் தாமே செய்து, பின்னர் ரசீதுகளுடன் விண்ணப்பித்தால், திட்டம் அங்கீகரித்துள்ள விகிதப்படி தொகை திரும்பக் கிடைக்கும். செலவழித்த தொகை முழுவதும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் குடும்பத்தார் நோயாளியின் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பார்கள். தகவல் கொடுக்கும் நினைவு அவர்களுக்கு வாராது. அந்தச் செய்தியை அனுப்பும் பொறுப்பைச் சங்கச் செயலாளர் ஏற்றுக்கொண்டால், அது அவர் அக்குடும்பத்திற்குச் செய்யும் பேருதவியாக அமையும். பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணை எல்லா உறுப்பினர் வீட்டுச் சுவரிலும் எழுதி வைப்பது செலவில்லாத காரியம்.

உரிமை நழுவும் இடம்

ஒரு சிப்பாய் விடுமுறையில் வந்து திருமணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மனைவியை எல்லோரும் செல்லம்மாள் என்று அழைக்கிறார்கள். அப்பெயரையே அவர் படைப்பிரிவில் எழுதித் தருகிறார். குடும்ப அட்டையிலும் ஆதார் அட்டையிலும் பள்ளிக்கூடப் பெயராகிய லட்சுமி என்பது இருக்கிறது. பிறந்த தேதியும் இரண்டு இடங்களில் இருவிதமாகப் பதிவாகியிருக்கிறது. அவர் உயிருடன் இருக்கும் வரை இந்த வேறுபாட்டினால் தொல்லை இல்லை. அவர் காலமானவுடன் குடும்ப ஓய்வூதியத்திற்கு மனு செய்யும்பொழுது, செல்லம்மாளும் லட்சுமியும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. குடும்ப ஓய்வூதியம் தாமதப்பட்டால் வைத்திய அட்டையும் தாமதப்படுகிறது. நோய் மட்டும் தாமதம் செய்வதில்லை.

இது கற்பித்துக்கொண்ட உதாரணமே. ஆனால் இதைப் போன்ற தொல்லையை அறியாத சங்கம் இருத்தல் அரிது. இதற்குப் பரிகாரம் வீரர் உயிருடன் இருக்கும்பொழுதே செய்யத்தக்கது. விடுவிப்புப் புத்தகம், அதாவது ஊரில் ‘டிஸ்சார்ஜ் புத்தகம்’ என்று சொல்லப்படுவது, ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா? மக்களின் பெயர்கள் எல்லாம் உள்ளனவா? எழுத்து வேறுபாடு ஒன்றிருந்தாலும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வாயிலாக உரிய ஆவண அலுவலகத்திற்கு எழுதித் திருத்தம் பெற வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களுக்கு இவ்வலுவலகம் நீலகிரியிலுள்ள வெலிங்டனில் இருக்கிறது. பிற படைப்பிரிவினர் தத்தம் ஆவண அலுவலகங்களுக்கு எழுத வேண்டும்.

இப்பொழுது ராணுவ ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையின் வழியே வழங்கப்படுகிறது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று அளித்தல் இதற்கு அவசியம். படுக்கையில் கிடக்கும் முதியவர்களும், கைப்பேசி பழகாத விதவையரும் இதைத் தவறவிட்டு, ஓய்வூதியம் நின்ற பின்னரே காரணம் தேடுகிறார்கள். அவர்களுடைய வீட்டிற்கே சென்று இதனை முடித்துக் கொடுக்க ஊரில் படித்த இளைஞர் ஒருவர் போதும்.

ஓய்வூதியம் இல்லாத வீரர்கள்

குறைந்த ஆண்டுகள் பணியாற்றி ஓய்வூதியமின்றி விடுவிக்கப்பட்ட வீரர்களும் கிராமங்களில் இருக்கிறார்கள். இவர்களைக் கேந்திரிய சைனிக் வாரியத்தின் நிதி கவனிக்கிறது. ஹவில்தார் பதவி வரையில் பணியாற்றி, 65 வயது கடந்து, ஓய்வூதியமும் போதிய வருமானமும் இல்லாதவர்களுக்கும், அவர்களுடைய விதவையருக்கும் வறுமை நிவாரணத் தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 அக்டோபரில் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. ஓய்வூதியம் பெறாதவர்களின் சிகிச்சைக்கு, புற்றுநோய், சிறுநீரக நோய் போன்ற கடும் பிணிகள் உட்பட, விதிகளுக்குட்பட்ட மானியமும் இருக்கிறது. இம்மனுக்கள் யாவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவே செல்ல வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்தினராயின், எல்லோரையும் போலவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இவர்கள் சேரலாம். இதற்குத் தேவையான வருமானச் சான்றைப் பெறுவதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வழிகாட்டி உதவலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி மத்திய சர்க்காரின் பொறுப்பாயிற்றே, இதில் பஞ்சாயத்திற்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நிதியும் விதியும் மத்திய சர்க்காருடையவை. ஆனால் எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த முதியவள் அட்டையின்றி இருக்கிறாள் என்பது டில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அது பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தெரியும்.

முதலாவதாக, பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்னாள் வீரர் குடும்பங்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கலாம். வார்டு உறுப்பினர்கள் தத்தம் வார்டில் விசாரித்தால் ஒரு வாரத்தில் இப்பணி முடிந்துவிடும். வீரர் உயிருடன் இருக்கிறாரா, ஓய்வூதியம் வருகிறதா, மனைவியின் பெயர் சரியாக உள்ளதா, வைத்திய அட்டை உள்ளதா என்னும் நான்கு கேள்விகளே போதும்.

இரண்டாவதாக, ஜனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், கொடியேற்றிய பின் வீரர்களைக் கௌரவிப்பது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. அதே கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை வாசித்து, அட்டை பெறாதவர் எத்தனை பேர், சென்ற கூட்டத்திற்குப் பின் பெற்றவர் எத்தனை பேர் என்று அறிவிக்கலாம். பொன்னாடையைவிட அந்த அறிவிப்பே வீரர்களுக்கு அதிக மகிழ்ச்சி தரும்.

மூன்றாவதாக, மாவட்டத்தில் கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு, ஊரிலிருந்து தனியே செல்ல இயலாதவர்களை ஒன்றுசேர்த்து அனுப்பி வைக்கலாம். சங்கத்தின் தலைவரும் பஞ்சாயத்து உறுப்பினரும் உடன் சென்றால் மனுவுக்கு வலு கூடும்.

நான்காவதாக, 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று நாம் அளிக்கும் சிறு தொகைகள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்கே செலவாகின்றன. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கி வரும்பொழுது அவர்களிடம் இச்செய்தியை எடுத்துக் கூறுவதும் ஒரு கல்வியே.

அளவுகோல் எது?

ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்தின் சிறப்பை எதைக் கொண்டு அளப்பது? மாநாட்டிற்கு வந்த கூட்டத்தைக் கொண்டோ, மேடையில் அமர்ந்த பிரமுகர்களைக் கொண்டோ அளப்பது சரியாகாது. ஊரின் கடைசித் தெருவில், மகனோ மருமகளோ இல்லாமல், கணவரின் பழைய பதக்கத்தைத் துணியில் முடிந்து வைத்திருக்கும் ஒரு விதவையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்கு இரவில் மூச்சுத் திணறல் வந்தால், எந்த மருத்துவமனைக்குச் செல்வது, எந்த அட்டையைக் காட்டுவது, யாருக்குத் தகவல் சொல்வது என்பது அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அச்சங்கத்தின் தலைமை நல்ல தலைமை. இல்லையென்றால் வேலை இன்னும் மீதி இருக்கிறது.

நம் ஊர் வீரர் எல்லையில் காவல் நின்ற இரவுகளில் நாம் நிம்மதியாக உறங்கினோம். அவருடைய முதுமையில், அவர் வீட்டுப் பெட்டியிலுள்ள நான்கு காகிதங்களை எடுத்துச் சரிபார்த்து வைப்பது நம்மால் இயலாத காரியமன்று. அடுத்த கிராம சபை கூடுவதற்கு முன், பஞ்சாயத்து உறுப்பினர்கள் யாவரும் தம் வார்டில் ஒரு குடும்பத்திற்கேனும் இதனைச் செய்து முடிப்பார்களாக.